கைராசியும் சர்க்கரையும்



வேலை முடிந்து, குளித்து, தேநீர்க் கோப்பையோடு வானொலிப் பெட்டியின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் மாணவச் செல்வங்களே! இன்று உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். மருந்து என்று எதுவுமே இல்லாத ஒரு வெற்று மாத்திரை, நம் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்குமா?

விளையாட்டுக் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் போனதால் என் குடும்பத்தில் ஒருவர் கால் விரல் ஒன்றை இழந்தார். அவர் என் பெரியம்மா மகள். எனக்கு அக்கா. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. தன் கதையை வானொலியில் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். "நாலு பேருக்கு உதவட்டும் தம்பி, ஆனா பேரை மட்டும் சொல்லிடாதே" என்றார். ஆகவே பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தது. அரசாங்கக் கிளினிக்கில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாத்திரை கொடுத்தார்கள். நினைவு வந்தால் போடுவார்; மறந்தால் விட்டுவிடுவார். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை 13.8 மில்லிமோல் இருந்தது.

அந்தச் சமயம் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்திற்கு வேனில் வந்த ஒருவர், புட்டியில் அடைத்த மூலிகை உருண்டைகளை விற்றார். ஒரு புட்டி 80 வெள்ளி. "கிளினிக் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், இது வெறும் மூலிகை, கெடுதல் ஒன்றும் கிடையாது" என்றார். அத்தோடு பத்தியமும் சொன்னார். 48 நாளைக்குச் சீனி, கெட்டிப்பால் கூடாது. இரவில் சோறு வேண்டாம். இரண்டு சப்பாத்தி போதும். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் நடக்க வேண்டும். கிளினிக் மாத்திரையை முதல் மாதம் மட்டும் நேரம் தவறாமல் சேர்த்துப் போட வேண்டும், பிறகு நிறுத்திவிடலாம்.

80 வெள்ளி கொடுத்தாயிற்றே! அக்கா ஒன்றுவிடாமல் செய்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 8.9. புட்டியை என் முன்னால் வைத்து, "தம்பி, இவரு கைராசியைப் பாத்தியா? கண்ணால பாத்துட்டேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைய பேச்சுதான் அந்தப் பதில்.

'கைராசி' என்பது நமக்குப் பழக்கமான சொல். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரெசர் ஐயா இருந்தார். அவர் நாடி பிடித்து, "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று சொன்னாலே பாதி வலி போய்விடும் என்பார்கள். மருந்தைவிட மருந்து கொடுப்பவர் மேல் வைக்கும் நம்பிக்கை குணப்படுத்துகிறது என்ற எண்ணம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. மேல்நாட்டு மருத்துவர்களும் இதைக் கவனித்து, 'பிளாசிபோ' என்று ஒரு பெயர் வைத்தார்கள். அது லத்தீன் சொல். 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். நோயாளியின் மனத் திருப்திக்காகக் கொடுக்கும் வெற்று மாத்திரைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வெற்று மாத்திரைக்கு இன்று வேறொரு வேலையும் இருக்கிறது. புதிய மருந்து ஒன்று வந்தால், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்திற்கு உண்மை மருந்து. மற்றதற்கு அதே நிறம், அதே வடிவம், ஆனால் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது; கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவார்கள். உண்மை மருந்து அந்த வெற்று மாத்திரையை வென்றால்தான் அது மருந்து.

அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கும்? பெரும்பாலும் மாவுப் பொருள் அல்லது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை. "சர்க்கரையா! அப்படியானால் அதுவே இரத்தத்தில் ஏறிவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். ஒரு சிறு மாத்திரையின் மொத்த எடையே பெரும்பாலும் அரை கிராமுக்கு உள்ளேதான். நாம் குடிக்கும் தேநீரோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மாத்திரைக்குள் இருக்கும் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, மனத்தின் பக்கம் வருவோம்.

மனம் சர்க்கரையை அசைக்குமா? அசைக்கும். இதை நான் மறைக்கப் போவதில்லை.

நம் கல்லீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பகுதி அங்கே சேர்ந்திருக்கும். திடீரென்று பயமோ கோபமோ வந்தால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கலந்து, "கிடங்கைத் திற, ஓடுவதற்குப் பலம் வேண்டும்" என்று கட்டளையிடும். சர்க்கரை ஏறும். வழியில் பாம்பைக் கண்டாலும் ஏறும். வீட்டில் பெரிய சண்டை நடந்தாலும் ஏறும். சாப்பாட்டின் வாசனையிலும் முதல் கவளத்திலுமே, உணவு குடலைச் சேரும் முன்பே, கணையம் சிறிது இன்சுலினைச் சுரந்துவிடுவதும் உண்டு. அதுவும் மூளை அனுப்பும் செய்திதான்.

2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விநோதமான சோதனையை வெளியிட்டார்கள். நீரிழிவு உள்ள 46 பேரை 90 நிமிடம் உட்கார வைத்து விளையாட்டுகள் கொடுத்தார்கள். எதிரே ஒரு கடிகாரம். சிலருக்கு அது சரியாக ஓடியது. சிலருக்கு இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. சிலருக்குப் பாதி வேகத்தில் ஓடியது. எல்லோருக்கும் கழிந்த நேரம் ஒன்றே. ஆனால் வேகமான கடிகாரத்தைப் பார்த்து, "நெடுநேரம் ஆகிவிட்டது" என்று எண்ணியவர்களுக்குச் சர்க்கரை அதிகமாக இறங்கியிருந்தது. மெதுவான கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே இறங்கியிருந்தது. 2020ஆம் ஆண்டு அவர்களே இன்னொன்றும் செய்தார்கள். ஒரே பானத்தை இரண்டு சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். 'சர்க்கரை அதிகம்' என்று எழுதியதைக் குடித்தபோது சர்க்கரை கூடுதலாக ஏறியது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லாவின் ஆராய்ச்சியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஜெர்மனியில் சில ஆராய்ச்சியாளர்கள், நலமாக உள்ள ஆண்களுக்கு ஒரு தனி வாசனையை முகரச் செய்து இன்சுலின் ஊசி போட்டார்கள். இப்படிப் பழக்கிய பிறகு ஒருநாள் அதே வாசனை. ஆனால் ஊசியில் இன்சுலின் இல்லை. அப்போதும் சர்க்கரை சற்று இறங்கியது. உடல் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது! ஆனால் இந்தப் பாடம் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. 1972ஆம் ஆண்டு எலிகளிடம் இதுபோல் செய்தபோது, வெற்று ஊசிக்குச் சர்க்கரை இறங்குவதற்குப் பதில் ஏறியது. இன்சுலின் வரப்போகிறது என்று எதிர்பார்த்து, உடல் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டது.

ஆக, "மனத்துக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இங்கே ஒரு குடும்பத் தலைவி கேட்கும் கேள்வியைக் கேட்போம். எவ்வளவு? எத்தனை நாளைக்கு? மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் சில பேரிடம், சில மணி நேரம் நடந்தவை. நீரிழிவு ஆயுள் முழுவதும் நம்மோடு வரும் நோய். பெரட்டுக்கு ஒருநாள் வந்து கை தூக்கிவிட்டுப் போகிறவரை மாதம் முழுவதும் வேலை செய்தவர் என்று சொல்ல முடியுமா?

நூறு ஆண்டுகளுக்கு முன் போவோம். இன்சுலின் வருவதற்கு முன், சிறு பிள்ளைகளுக்கு நீரிழிவு வந்தால் பட்டினி போடுவதே வைத்தியம். பெற்றோர் நேராத கடவுள் இல்லை. போகாத மருத்துவர் இல்லை. நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. ஆயினும் பிள்ளைகள் இறந்தார்கள். 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். ஜனவரி 11ஆம் தேதி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை முதன்முதலாக ஊசி மூலம் போட்டார்கள். அவனுக்கு அதுவே முதல் ஊசி! எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும்? சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது; பையன் தேறவில்லை. சாறு சுத்தமாக இல்லை. கோலிப் என்ற இரசாயன அறிஞர் அதை இரவு பகலாகச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23ஆம் தேதி மீண்டும் ஊசி. இந்த முறை சர்க்கரை 28.9 மில்லிமோல் அளவிலிருந்து 6.7க்கு இறங்கியது. அந்தப் பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இரண்டு ஊசிக்கும் நடுவே நம்பிக்கை கூடிவிடவில்லை. மருந்தின் தரம் கூடியது.

சரி, அவனுக்கு வந்தது பிள்ளைகளுக்கு வரும் கடுமையான நீரிழிவு. பெரியவர்களுக்கு வருவது எப்படி? 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த 3,234 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெற்று மாத்திரை. ஒரு கூட்டத்துக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நம் கிளினிக்குகளிலும் இதைத்தான் அதிகமாகக் கொடுக்கிறார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு மாத்திரையே இல்லை. உணவைக் குறைத்து, எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு இறக்கி, வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். சராசரியாக 2.8 ஆண்டுகள் கவனித்தார்கள்.

முடிவைக் கேளுங்கள். வெற்று மாத்திரைக் கூட்டத்தில் ஆண்டுக்கு 100 பேரில் 11 பேருக்கு நீரிழிவு வந்தது. மெட்ஃபார்மின் கூட்டத்தில் ஏறக்குறைய 8 பேருக்கு வந்தது. நடந்தவர்களின் கூட்டத்தில் 5 பேருக்குத்தான் வந்தது. வெற்று மாத்திரையைத் தினமும் நம்பிக்கையோடு விழுங்கியவர்களே அதிகமாக நோயில் விழுந்தார்கள். மாத்திரையே இல்லாமல் நடந்தவர்கள் எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள்.

இப்போது அக்காவின் 8.9க்கு வருகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது ஒரு விரிவுரையாளர் இருந்தார். "ஐயா, இந்த முறையில் கற்பித்தேன், மாணவர்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று யார் சொன்னாலும், அவர் ஒரே கேள்வி கேட்பார். "எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறாய்?" அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடிவதில்லை.

என் வகுப்பிலிருந்து ஓர் உதாரணம். சொல்வதெழுதுதலில் மிகக் குறைந்த புள்ளி வாங்கிய ஐந்து பேரை அழைத்து, ஆளுக்கொரு நீல பென்சில் கொடுத்து, "இது ராசியான பென்சில்" என்று சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்த ஐவரில் பெரும்பாலோர் முன்னைவிடக் கூடுதலாகப் புள்ளி வாங்குவார்கள். பென்சிலாலா? இல்லை. அன்று ஒருவனுக்குக் காய்ச்சல்; இன்னொருத்தி முதல்நாள் இரவு கல்யாண வீட்டில் விழித்திருந்தாள். மிக மோசமான நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிடச் சுமாரான நாளாகத்தான் இருக்கும். சர்க்கரையும் அப்படியே. நாம் எப்போது பயந்து போய்ப் புது வைத்தியம் தேடுகிறோம்? தீபாவளிப் பலகாரம் தீர்ந்த வாரத்தில், அளவு மிக அதிகமாக இருக்கும்போது. அது தானாகவே கொஞ்சம் இறங்கும். பேர் மட்டும் புட்டிக்குப் போய்விடும்.

மருத்துவ உலகமே இந்தப் பென்சிலைக் கண்டு ஏமாந்தது உண்டு. 1955ஆம் ஆண்டு ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 15 ஆய்வுகளைத் தொகுத்து, வெற்று மருந்தால் நூற்றுக்கு 35 பேர் திருப்தியான நிவாரணம் பெறுகிறார்கள் என்று எழுதினார். உலகம் முழுவதும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 2001ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இருவர், எங்கள் விரிவுரையாளரின் கேள்வியையே கேட்டார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களை எந்த மாத்திரையும் உண்ணாதவர்களோடு ஒப்பிட்ட 114 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி போன்ற, நோயாளியே உணர்ந்து சொல்லும் காரியங்களில் சிறு பலன் தெரிந்தது. கருவியால் அளந்து பார்க்கும் காரியங்களில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

அக்காவின் கணக்கையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். கெட்டிப்பால் நின்றது. இரவுச் சோறு நின்றது. அரைமணி நேரம் நடந்தார். கிளினிக் மாத்திரையை வாழ்க்கையில் முதன்முறையாக நேரம் தவறாமல் போட்டார். இத்தனைக்கும் மேல் அந்த உருண்டை. 13.8 அளவை 8.9க்குக் கொண்டுவரப் பத்தியமும் நடையும் மாத்திரையுமே போதும். உருண்டைக்கு அங்கே வேலையே மிச்சம் இல்லை.

"ஆனாலும் தம்பி, உடம்பே லேசாகிவிட்டதே!" என்று அக்கா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. 2011ஆம் ஆண்டு ஆஸ்துமா என்ற இழுப்பு நோய்க்காரர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. உண்மையான மருந்தை உறிஞ்சியபோது நுரையீரலின் காற்றளவு நூற்றுக்கு 20 பங்கு கூடியது. வெற்று மருந்துக்கு 7 பங்குதான். ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அதே 7 பங்குதான். ஆனால் நோயாளிகளிடம் கேட்டபோது, உண்மை மருந்தும் வெற்று மருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம் தந்ததாகச் சொன்னார்கள். மூச்சு இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. மனத்துக்கோ சுகமாக இருக்கிறது!

நேயர்களே, ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இழுப்பு முற்றினால் மூச்சு முட்டி நம்மை எச்சரிக்கும். சர்க்கரை எச்சரிக்காது. 12, 14 என்று இருக்கும்போதும் பலருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். அது சத்தம் போடாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே சர்க்கரை விஷயத்தில், "எப்படி இருக்கிறது?" என்று உடம்பைக் கேட்பதைவிட, "எவ்வளவு இருக்கிறது?" என்று கருவியைக் கேட்க வேண்டும்.

அடுத்து, "கெடுதல் ஒன்றும் கிடையாது" என்ற பேச்சு. பெயர் தெரியாத மாத்திரை உண்மையில் வெற்று மாத்திரையாக இருந்தால் ஒருவகையில் அதிர்ஷ்டம். சில வேளை அதற்குள் கடுமையான மருந்து ஒளிந்திருக்கும். 2008ஆம் ஆண்டு முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சுமார் 150 பேர் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கிய நிலையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் நீரிழிவுக்காரர்களே இல்லை! விசாரித்தபோது, ஆண்களுக்கான ஊக்க மருந்து என்று விற்கப்பட்ட போலி மாத்திரைகளிலும், மூலிகை என்று சொல்லப்பட்ட சில பொருள்களிலும், கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது தெரிந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நால்வர் இறந்தார்கள். 'மூலிகை' என்று சீட்டில் எழுதியிருப்பது, புட்டிக்குள் இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

நம் நாட்டில், இன்ன பொருள் நீரிழிவைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'மால்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். வேனில் வருகிறவர் "நீரிழிவு பறந்துவிடும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், அந்தப் பேச்சே அவரைப்பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

"கிளினிக் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயத்தையும் தீர்த்துவிடுவோம். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருத்துவர் அதன் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதற்காகத்தான் கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிறார்கள். ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். உணவோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றுவழி உண்டு. சொல்லாமல் மாத்திரையைச் சன்னல் வழியே எறிவதுதான் ஆபத்து.

கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். 48 நாள் முடிந்தது. பத்தியமும் முடிந்தது. கெட்டிப்பால் திரும்பி வந்தது. கிளினிக் மாத்திரை நின்றது. உருண்டை மட்டும் தொடர்ந்தது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அக்கா சர்க்கரையைச் சோதிக்கவே போகவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒருநாள், வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளே இரத்தம். செம்பனை மட்டை முள் அடிப்பாதத்தைத் துளைத்து எந்நேரமோ ஆகியிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. நரம்பு மரத்துப் போயிருந்தது. மருத்துவமனையில் சர்க்கரை 19 காட்டியது. புண் பெருவிரலுக்கு ஏறிவிட்டது. அந்த விரலை எடுத்தார்கள்.

கட்டிலருகே நான் நின்றபோது, அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ அந்த ஒரு மாசம் எறங்குனது பொய்யா தம்பி?"

"பொய் இல்லை அக்கா. எறங்குனது நெசம்தான். எறக்குனது நீங்க" என்றேன்.

நேயர்களே, நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். வெற்று மாத்திரை சர்க்கரையைச் சிறிது அசைக்கலாம். நோயைச் சுமக்க அதற்குத் தோள் இல்லை. அதன் பெயரால் நடக்கும் அற்புதங்களில் பெரும்பகுதி, நாமே நம் கையாலும் காலாலும் செய்தவை. 80 வெள்ளி கொடுத்ததற்காகக் காத்த பத்தியத்தை, கிளினிக்கின் மலிவான மாத்திரைக்காகக் காக்க முடியாதா?

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் நாடளாவிய ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. நம் இந்திய சமூகத்தில் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை.

சில காரியங்களை மட்டும் மனத்தில் வையுங்கள். புது வைத்தியம் எதைக் கேள்விப்பட்டாலும், "எதோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள். கிளினிக் மாத்திரையை நிறுத்துவதானால் டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்காமல், புட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு என்று சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படித்து ஆசிரியரை ஏமாற்றலாம். சோதனைக்கு முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து விரல் நுனி இரத்தத்தை ஏமாற்றலாம். ஆனால் அந்தப் பரிசோதனை தவணை முழுவதும் படித்தீர்களா என்று பார்த்துவிடும். கடைசியாக, தோட்ட வேலை செய்கிறவர்கள் தினமும் சப்பாத்தைக் கழற்றியதும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

நம்பிக்கையைக் கைவிடச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். கோயிலுக்குப் போங்கள், விரதம் இருக்கிறவர்கள் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இருங்கள். அன்பாகப் பேசும் தாதியும், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கும் பிள்ளையும் நோயாளிக்குப் பெரிய பலம். அந்தப் பலம் மாத்திரையைப் போட வைக்க வேண்டும். நடக்க வைக்க வேண்டும். அப்போதுதான் நம்பிக்கை இரத்தத்தில் தெரியும்.

அக்கா இப்போது மாலையில் தோட்டத்துச் சாலையில் நடக்கிறார். சற்றுச் சாய்ந்துதான் நடக்க முடிகிறது. சென்ற மாதம் காலையில் பார்த்தபோது சர்க்கரை 7.1. அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "ராசி அந்த மனுஷன் கையில இல்ல தம்பி, என் கால்லதான் இருந்திருக்கு" என்றார்.

ஒரு விரல் போன பிறகு கிடைத்த அறிவு அது. நீங்கள் பத்து விரலோடும் இருக்கும்போதே அதைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.